லாத்ரப் வீட்டுத் தாழ்க்கயிறு

“உங்க குடும்பப் பைபிளக் குடுங்க.”

அந்த வீட்டில் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார்கள். போய் நின்ற இரண்டாவது நிமிடமே கேட்டேன்.

இது நடந்தது. மே மாதக் கடைசி ஞாயிறு, மதியம் 1.38-லிருந்து 2.31 வரை. பட்டப்பகல். ஒவ்வொரு நேரமும் கடிகாரத்தைப் பார்த்து நானே குறித்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் உங்களுக்குச் சொன்னார்களோ தெரியாது. நம்பாதவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அன்று மதியம் 1.38 வரை நானும் அந்தக் கட்சிதான்.

நான் டெனா புல்லார்ட். இருபத்தாறு வயது. நெப்ராஸ்காவில் பன்றிக் கொட்டகைகளுக்கு நடுவே வளர்ந்தவள். எங்கள் குடும்பத்தில் காலேஜை முடித்த முதல் ஆள். மாவட்ட வரலாற்றுச் சங்கத்தில் வேலை. ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அவர்களுடைய கொள்ளுப்பாட்டிகளைத் தேடிக் கொடுப்பதுதான் அந்த வேலை.

எங்கள் பக்கத்தில் சொந்தமாக ஒரு சாமர்த்தியமும் இல்லாதவர்களுக்கு ஒரு கொள்ளுப்பாட்டி இருப்பாள். அவள் மாட்டு வண்டியில் வந்தாள், வெட்டுக்கிளியை விரட்டினாள், பனியில் பிள்ளை பெற்றாள். இவர்கள் செய்த ஒரே காரியம், அவளுக்குப் பிறகு பிறந்தது. அதற்கு ஒரு சான்றிதழ், அதற்குக் கண்ணாடிச் சட்டம், அதை மாட்ட ஒரு சுவர். செத்தவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு உயிரோடிருப்பவர்களைக் காலால் தள்ளுவார்கள்.

எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டியின் பெயரே யாருக்கும் தெரியாது. கேட்டால் அப்பா, “யாரோ ஒருத்தி இருந்திருப்பா. இல்லன்னா நான் எப்படி வந்தேன்?” என்பார்.

லாத்ரப் குடும்பத்துப் பாட்டியின் பெயர் கெசையா. 1868-இல் கணவர் ஆரினோடு எங்கள் மாவட்டத்துக்கு வந்தவள். ‘மாவட்டத்தின் தாய்’ என்று பள்ளிக்கூடப் பாடத்திலேயே போட்டுவிட்டார்கள். அவளுக்கு வெண்கலத்தில் ஒரு சிலை செய்தாயிற்று. தலையில் வெயில் குல்லா, இடுப்பில் குழந்தை ஆசா. கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள் திங்கட்கிழமை. அன்று காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. அதற்குள் வம்சச் சான்றிதழில் சங்கத்தின் சார்பில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த வேலையில் ஒரே ஒரு விதிதான். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு காகிதம் வேண்டும். ஆசாவிலிருந்து இன்றைய லாத்ரப்கள் வரை எல்லாக் காகிதமும் இருந்தது. கெசையாவுக்கும் ஆசாவுக்கும் நடுவில் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிய ஆபீஸ் கிடையாது. இருந்தது மக்கள்தொகைக் கணக்கு மட்டும்.

1870 கணக்கில் அந்த வீட்டில் மூன்று பேர். ஆரின், கெசையா, அப்புறம் லுட்மிலா க்ராலிக். வயது பதினேழு, பிறந்தது பொஹீமியா, வேலைக்காரி. 1880-இல் ஆரின், கெசையா, எட்டு வயது ஆசா. ‘குடும்பத் தலைவருக்கு மகன்’ என்று எழுதியிருந்தது. தலைவர் ஆரின். லுட்மிலா இல்லை.

1900-இல்தான் எனக்கு மூக்கு வேர்த்தது. அந்த வருடம் ஒவ்வொரு மனைவியிடமும் அரசாங்க ஆள் நேரில் கேட்டிருக்கிறான். நீ எத்தனை பிள்ளை பெற்றாய்? அதில் எத்தனை உயிரோடு இருக்கிறது? கெசையாவின் வரியில் இரண்டு கட்டத்திலும் பூஜ்யம். அதே பக்கத்தில் அடுத்த வரியில் இருபத்தெட்டு வயது மகன் உட்கார்ந்திருக்கிறான், பிறந்தது 1872 மார்ச் என்று.

இதை என் மேலதிகாரி மிஸ்டர் ஸ்ப்ரேகிடம் காட்டினேன்.

“எழுதுனவன் தூங்கிருப்பான்மா.”

“பைபிள்ல பிறந்த தேதி எழுதி வச்சிருப்பாங்களே சார். அதக் கேக்கவா?”

“காபி கேளு, ஆப்பிள் பை கேளு. பைபிள மட்டும் கேக்காத. அம்பது வருஷமா அந்த வீட்டுல யாரும் கேட்டதில்ல.”

“அப்ப எத வச்சுக் கையெழுத்துப் போடறது?”

“பேனாவ வச்சு.” கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “போடலன்னா செவ்வாய்க்கிழம நீ வர வேணாம். நான் சொல்லல, அவங்க சொல்லுவாங்க.”

இதுதான் நிலைமை. எங்கள் குடும்பத்தில் மேஜையும் நாற்காலியும் உள்ள முதல் வேலை. அது ஒரு கையெழுத்தில் தொங்கியது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பைபிளைக் கேட்டதும் மிஸ் ஆர்டிஸ் லாத்ரப் சிரித்தார். எண்பத்திரண்டு வயது. ஆசாவின் பேத்தி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, லாத்ரப் என்ற பெயரை விட மனமில்லாமல் என்று ஊரில் சொல்வார்கள்.

“நீ அந்த புல்லார்ட் பொண்ணு தான? உங்கப்பன் பின்பக்கம் கல்லறையில கம்பியத் தூக்கிட்டு அலையறான். நீ முன்பக்கம் வந்து பைபிள் கேக்குற. குடும்பமே நல்லாத் தோண்டுறீங்க.”

அப்பா அங்கே இருந்தது உண்மை. வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய குடும்பக் கல்லறை. அங்கேதான் சிலை நிற்கப் போகிறது. அன்று சாயங்காலம் அஸ்திவாரம் தோண்டும்போது பெயரில்லாத பழைய குழி எதுவும் வெட்டுப்படக் கூடாதே என்று அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். துணி மாட்டும் கம்பி இரண்டை வளைத்து, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பார். அடியில் சவக்குழி இருந்தால் கம்பி இரண்டும் திரும்பி ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே விழும். அந்த இடத்தில் சின்ன ஆரஞ்சுக் கொடி ஒன்றை நட்டுவிடுவார். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு.

எனக்கு அது அசிங்கம். கை நடுங்கினால் கம்பி ஆடும், அவ்வளவுதான் என்று காலேஜ் முதல் வருட விடுமுறையிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். “ஆடட்டுமே கண்ணு,” என்றார். “ஆடுன எடத்துல தோண்டாம விட்டா யாருக்கு நஷ்டம்?”

மிஸ் லாத்ரப் பைபிளைத் தரமாட்டார் என்றுதான் நினைத்தேன். “பைபிள் இல்லன்னா கையெழுத்து இல்ல. நாளைக்குத் துணிய எடுக்கறப்ப சிலை மட்டும்தான் இருக்கும், சான்றிதழ் இருக்காது,” என்றேன். அது வேலை செய்தது.

“பாத்துக்க. பக்கம் கிழிஞ்சா கோர்ட்டுக்கு வருவ,” என்றார்.

அந்த வீடு மூன்று மாடிச் செங்கல் வீடு. ஆனால் உள்ளே, நட்டநடுவில், கெசையா குடியிருந்த பழைய மரக்கட்டை வீடு அப்படியே நிற்கிறது. ஒரே அறை. அதை இடிக்காமல் சுற்றிலும் பெரிய வீட்டைக் கட்டியிருக்கிறார்கள், பாம்பு முட்டையை விழுங்கிய மாதிரி. அந்தக் காலத்தில் வெளிவாசலாக இருந்த கதவு இப்போது வீட்டுக்குள் ஒரு தாழ்வாரத்தில் திறக்கிறது.

தாழ்வாரச் சுவரில் சாத்தி வைத்திருந்தது சிலைக்கு அடியில் பதிக்க வேண்டிய வெண்கலப் பலகை. ‘இவள் வீட்டுத் தாழ்க்கயிறு என்றும் வெளியே தொங்கியது.’

இது எங்கள் பக்கத்துப் பெருமை. பழைய கதவுகளுக்கு உள்பக்கம் மரத்தாழ். அதில் ஒரு தோல்கயிறு கட்டி, கதவில் உள்ள ஓட்டை வழியாக வெளியே தொங்கவிடுவார்கள். வெளியே இருப்பவர் கயிற்றை இழுத்தால் தாழ் தூக்கும், உள்ளே வரலாம். கயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டால் யாரும் வர முடியாது. கயிறு வெளியே இருக்கிறது என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பொருள். கெசையா அவ்வளவு நல்லவளாம்.

என் அப்பாவைப் பின்வாசலில் பூட்ஸைக் கழற்றச் சொன்ன வீட்டில் இந்தப் பலகை.

1.05. மிஸ் லாத்ரப் என்னை அந்த அறையில் உட்கார வைத்தார். மேஜை, தொட்டில், அடுப்பு. பைபிளை மேஜைமேல் வைத்தார். “நான் மாடியில படுத்துக்கறேன். மூணு மணிக்கு ஸ்ப்ரேக் வருவாரு. அதுக்குள்ள உன் பவிசக் காட்டி முடி,” என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் குடும்பப் பக்கங்கள். கல்யாணம்: ஆரின் லாத்ரப், கெசையா டவ், 1859, வெர்மான்ட். நல்ல கையெழுத்து. இரும்பில் செதுக்கியது போல ஒவ்வொரு எழுத்தும் நின்றது.

அடுத்த பக்கம், பிறப்பு.

காலி. ஒரு புள்ளி கூட இல்லை.

வாய்விட்டுச் சிரித்தேன். ஊருக்கு ஒன்று சொல்லலாம், பைபிளில் பொய் எழுத அவளுக்குக் கை வரவில்லை. எழுதாமல் விட்டுவிட்டாள். அரசாங்க ஆளிடமும் உண்மையைச் சொல்லிவிட்டாள். முழு ஊரையும் ஏமாற்றிவிட்டு இரண்டு இடத்தில் மட்டும் யோக்கியமாக இருந்திருக்கிறாள். அந்த மாதிரி யோக்கியதையைக் கண்டால் எனக்குக் குமட்டும்.

அதற்கடுத்தது இறப்புப் பக்கம். அதைத் திறக்க முடியவில்லை. மாவுப் பசை போட்டு ஓரம் முழுக்க ஒட்டியிருந்தது. நூறு வருடத்துக் காய்ந்த பசை, ஓடு மாதிரி. இழுத்தால் கிழியும். விட்டுவிட்டேன்.

பின்பக்கம் அப்பாவின் சத்தம் லேசாகக் கேட்டது, தனக்குத்தானே எண்ணிக்கொண்டிருந்தார். நல்ல புழுக்கம். கழுத்தில் வியர்வை.

1.38.

டக்.

நிமிர்ந்தேன். கதவின் மரத்தாழ் மேலே போய் விழுந்திருந்தது. தாழில் ஒரு தோல்கயிறு. எண்ணெய் ஏறிக் கறுத்த கயிறு. அது மேலே போய், விரல் பருமன் ஓட்டை வழியாக வெளியே போனது.

கயிறு விறைத்தது. தாழ் எழுந்தது. விழுந்தது.

டக்.

“மிஸ் லாத்ரப்?”

கிழவி என்னை வேவு பார்க்கிறாள் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். தாழ்வாரம் காலி. வெளியே கயிறு தொங்கியது. இப்போதுதான் யாரோ விட்டது போல ஆடிக்கொண்டிருந்தது.

பிடித்து நிறுத்தினேன். ஈரம். ஜில்லென்று இருந்தது.

மே மாதத்தில், வீட்டுக்குள், ஈரமாக ஒரு கயிறு… கிழவி குளித்துவிட்டு வந்தாள் என்று வைத்துக்கொண்டேன். படித்தவர்கள் இப்படித்தான். எதையாவது வைத்துக்கொள்வோம்.

1.52. மறுபடியும். டக். டக். இந்தத் தடவை அவசரமாக.

ஒரே தாவலில் போய்த் திறந்தேன். யாரும் இல்லை. கால் வைத்த பலகையிலிருந்து குளிர் ஏறியது. செருப்பைத் தாண்டி ஏறியது.

“வெளையாட்டுக் காட்டாதீங்க. எனக்கு வேல இருக்கு,” என்று மாடிப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டேன். மாடியிலிருந்து குறட்டை கேட்டது.

2.06. கையில் பழைய தோலின் எண்ணெய். கழுவலாம் என்று தாழ்வாரக் கடைசியில் இருந்த குளியலறைக்குப் போனேன். பைபிள் இருந்த மரக்கட்டை அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. அதற்கு ஜன்னல் கிடையாது. வேறு கதவும் கிடையாது.

2.10. திரும்பி வந்தேன்.

கதவு சாத்தியிருந்தது. கயிறு இல்லை.

ஓட்டை மட்டும் இருந்தது.

தள்ளினேன். திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். உள்ளே தாழ் இறங்கியிருந்தது. கயிற்றை யாரோ உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

யார்?

2.13. குளிர்… முதலில் கணுக்காலில். பிறகு முதுகில். வாயைத் திறந்தால் புகை வந்தது. தாழ்வாரக் கடைசியில் குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்போது அது தெரியவில்லை. வெள்ளையாக எதுவோ நடுவில் ஓடியது. காதில் ஒரே இரைச்சல்.

2.15. உள்ளே ஒரு குழந்தை அழுதது.

பசி அழுகை. எனக்குத் தம்பி தங்கைகள் மூன்று பேர். அந்த அழுகையை எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு பெண்ணின் குரல்.

“ஷ்ஷ்… ஷ்ஷ்…”

நிதானமான குரல். அவசரமே இல்லை.

கதவைக் குத்தினேன். “யாரு உள்ள? தெறங்க!”

“ஷ்ஷ்…”

அது குழந்தைக்குச் சொன்னது இல்லை.

எனக்குச் சொன்னது.

2.19. ஓட்டையில் கயிற்றின் நுனி தெரிந்தது. அரை விரல் அளவு. பிடித்தேன். இரண்டு விரலால், நகத்தால்… பிடித்தேன்.

உள்ளேயிருந்து இழுத்தார்கள்.

மெதுவாக.

என் விரலிலிருந்து…

உருவிக்கொண்டார்கள்.

குழந்தை வீறிட்டது. என் நெஞ்சு கனத்தது. ஊசி குத்துவது போல ஒரு வலி. சட்டையின் முன்பக்கம் சூடாக நனைந்தது. அந்தக் குளிரில் அது ஒன்றுதான் சூடு.

இரண்டு எட்டு பின்னால் போனேன். உட்கார்ந்துவிட்டேன்.

அழுகை சின்னதாகிக்கொண்டே போனது…

நின்றது.

2.31.

டக்.

கதவு தானாகத் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. தொட்டில் காலி. கழுத்தில் மறுபடியும் வியர்வை. குளியலறை விளக்கு தெரிந்தது. மாடியில் அதே குறட்டை.

சட்டையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வட்டமாக ஈரம். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பு.

பால்.

நான் பிள்ளை பெற்றதில்லை. கர்ப்பமானதும் இல்லை.

மேஜைமேல் பைபிள். பிறப்புப் பக்கத்தில் விட்டுப் போயிருந்தேன். இப்போது இறப்புப் பக்கம் விரிந்து கிடந்தது. எங்கும் கிழியவில்லை. ஓரத்துப் பசையைத் தொட்டேன், கையில் ஒட்டியது. பச்சை மாவு வாசம்.

ஒரே ஒரு வரி. அதே இரும்புக் கையெழுத்து.

‘1873 ஜனவரி 13. பெண். பனிப்புயல். கயிறு உள்ளே இருந்தது.’

அவ்வளவுதான். பெயர் கூட இல்லை. மூன்று வருடம் தன் துணி துவைத்தவள், தண்ணீர் சுமந்தவள், தன் வீட்டுக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்தவள்… அவளுக்கு ‘பெண்’ என்ற ஒரு சொல் போதும் என்று நினைத்திருக்கிறாள் மாவட்டத்தின் தாய்.

அப்போது ஆசாவுக்குப் பத்து மாதம். பால் குடிக்கிற வயசு.

பயம் போய்விட்டது. பயத்தைவிடப் பெரியது ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. பையிலிருந்து சான்றிதழ்ப் படிவத்தை எடுத்தேன். இரண்டு பிரதி. ஆசாவின் தாய் என்ற கட்டத்தில் முன்பே ‘கெசையா டவ் லாத்ரப்’ என்று தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். அதைக் கோடு போட்டு அடித்தேன். மேலே எழுதினேன். நான்கு வருட வேலையில், காகிதம் இல்லாமல் நான் எழுதிய ஒரே பெயர் அது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். ஒன்றைத் தலைநகரத்துப் பதிவகத்துக்கு அனுப்பும் உறைக்குள் வைத்து ஒட்டினேன். மணி 2.44.

மூன்று மணிக்கு மிஸ் லாத்ரப் இறங்கி வந்தார். கூடவே மிஸ்டர் ஸ்ப்ரேக், கழுத்தில் விழாவுக்கு வாங்கிய புது டையோடு.

கிழவியின் கண் முதலில் என் சட்டைக்குத்தான் போனது.

“என்னத்தக் கொட்டிக்கிட்ட?”

“பால்.”

“எங்க வீட்டுல பால் வாங்கி வருஷமாச்சு. டாக்டர் வேணாம்னுட்டாரு.”

“உங்க வீட்டுப் பால்னு நான் சொல்லல. கயித்த யாரு உள்ள இழுத்தது?”

“எந்தக் கயிறு?”

“இந்தக் கதவுக் கயிறு. தோல்கயிறு.”

அவர் சிரிக்கவில்லை. திரும்பிக் கதவைக் காட்டினார். நானும் பார்த்தேன்.

தாழ் இருந்தது. தாழில் கயிறு இல்லை. ஓட்டை இருந்த இடத்தில் ஒரு மர ஆப்பு, கதவோடு கதவாகச் செதுக்கி அடித்தது. அதன்மேல் பச்சைப் பெயின்ட், எத்தனை பூச்சோ. விரலால் தடவினேன். எங்கும் ஒரு விரிசல் இல்லை.

“1931-ல அடைச்சது,” என்றார் மிஸ் லாத்ரப். குரல் இறங்கியிருந்தது. “எங்க தாத்தா ஆசாவே அடைச்சாரு. தினம் மத்தியானம் அந்த ஓட்டையில காத வச்சிட்டு உக்காந்திருப்பாராம். என்னன்னு கேட்டா, ‘யாரோ கூப்புடறாங்க, எனக்கு வெளிய போகணும்’பாராம். அறுபது வயசு ஆம்பள…” சட்டென்று நிறுத்திக்கொண்டார். “அதெல்லாம் உனக்கெதுக்கு? தாளக் குடு.”

அப்போது பின்வாசல் பக்கத்திலிருந்து அப்பா வந்தார். காலில் காலுறை மட்டும். கையில் இன்னும் அந்தக் கம்பிகள்.

“பதினாலு கல்லு, பதினாலு குழி. கணக்கு சரியாருக்கு சார். செல வைக்க எடம்…”

நின்றுவிட்டார்.

கம்பி இரண்டும் திரும்பின. மெதுவாக வந்து குறுக்கே விழுந்தன. தாழ்வாரத்தில், கதவிலிருந்து இரண்டு எட்டு. நான் உட்கார்ந்திருந்த அதே பலகை.

அப்பா ஒரு அடி பின்னால் போனார். கம்பி பிரிந்தது. முன்னால் வந்தார். விழுந்தது. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கவில்லை.

“அங்க ஹீட்டர் கொழா ஓடுது,” என்றார் மிஸ் லாத்ரப்.

“கொழான்னா நீளமா ஓடும்மா.” அப்பா பக்கவாட்டில் நடந்து அளந்து பார்த்தார். “இது ஒரு ஆள் நீளம்தான். அதுவும் சின்ன ஆளு.” கொஞ்சம் யோசித்தார். “ஜனவரி மாசமா இருக்கும். அப்ப எங்கயும் மண்ணுல கடப்பார எறங்காது. அடுப்புச் சூட்டுல வாசலடி மட்டும் இளகும்.”

தேதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் வாயே திறக்கவில்லை.

இடிக்காமல் ஏன் சுற்றிக் கட்டினார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய வீட்டின்மேல் பாசம் என்று இவர்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

மிஸ்டர் ஸ்ப்ரேக் படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தார். டையைத் தளர்த்தினார்.

“டெனா… லுட்மிலா க்ராலிக்னு போட்டிருக்க.”

“ஆமா.”

“யாரு?” என்றார் மிஸ் லாத்ரப்.

“உங்க கொள்ளுப்பாட்டி. வேலைக்காரி. அவ மேலதான் நின்னுட்டு இருக்கீங்க.”

கிழவி காலை நகர்த்தினார். தன்னையறியாமல், சட்டென்று, சூடு பட்டது போல. எண்பத்திரண்டு வருடம் அதன்மேல் நடந்திருக்கிறார்.

“வேற தாள்ல எழுதச் சொல்லுங்க இவள,” என்று ஸ்ப்ரேகிடம் கத்தினார். “பன்னிக் கொட்டாயில பொறந்தது வந்து எனக்குப் பாட்டி யாருன்னு சொல்லுதா?”

“டெனா, கொஞ்சம் யோசிம்மா. செவ்வாய்க்கிழம…”

“வரல சார். இன்னொரு பிரதி உறையில ஒட்டியாச்சு. வழியில தபால் பெட்டி இருக்கு.”

அப்பா என்னைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். குனிந்து, இடுப்புப் பையிலிருந்து ஆரஞ்சுக் கொடி ஒன்றை எடுத்து இரண்டு பலகைக்கு நடுவிலிருந்த இடுக்கில் குத்தினார். மெழுகு போட்டுத் தேய்த்த தரையில் அது நேராக நின்றது.

“அத எடு!” என்றார் மிஸ் லாத்ரப்.

“நீங்களே எடுத்துக்கங்கம்மா,” என்றார் அப்பா.

கிழவி எடுக்கவில்லை. நான் பார்த்த வரையில் எடுக்கவில்லை.

கொடியைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். வெண்கலப் பலகையைத் தாண்டினேன். அப்பா பின்வாசலில் பூட்ஸை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார், மாட்ட நிற்கவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது. பின்னால் யாரோ என்னவோ சொன்னார்கள். அதற்கும் பின்னால், அறைப் பக்கத்திலிருந்து, ஒரே ஒரு தடவை, டக்.

அப்பாவுக்கும் அது கேட்டது. நடையைக் கூட்டினார்.

அந்த வீட்டில் நான் தாண்டி வந்தவை மூன்று கதவுகள். ஒன்றையும் சாத்தவில்லை.